தலைவலிக்குப் பின்மண்டையில் ஊசி: போடும் முன்பும் போட்ட பின்பும்

"நரம்புல ஊசி போட்டா கை கால் விளங்காமப் போயிடும்" என்று என் மாமியார் சொன்ன ஒரே காரணத்துக்காக ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். அவர் மேல் தப்பில்லை. நரம்பு என்றாலே நம் வீடுகளில் பக்கவாதம்தான் ஞாபகத்துக்கு வரும். தலைவலிக்காக ஊசி போடுகிற நரம்பின் வேலை வேறு. பின்மண்டைத் தோலில் சீப்பு படுகிறது, பேன் ஊர்கிறது என்று மூளைக்குச் சேதி கொண்டுபோவது அது. கை காலை அசைப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. அதைச் சில மணி நேரம் மரத்துப்போக வைப்பதைத்தான் 'நெர்வ் பிளாக்' என்கிறார்கள். பல் பிடுங்கும் முன் ஈறில் போடுவார்களே, அதே மருந்துதான்.

எனக்கு இருபது வருடமாக ஒற்றைத் தலைவலி, அதாவது மைக்ரேன். இந்த ஊசியை நான்கு முறை போட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டு முறை ஒன்றும் தெரியாமல் போய்ப் படுத்தேன். பின்னிரண்டு முறை கேட்க வேண்டியதைக் கேட்டு, குறிக்க வேண்டியதைக் குறித்துக்கொண்டு போனேன். இரண்டுக்கும் பலனில் இருந்த வித்தியாசம் பெரிது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. போட்டுக்கொள்ளலாமா வேண்டாமா என்பதை உங்களைப் பரிசோதித்த மருத்துவர்தான் சொல்ல முடியும்.

எங்கே போடுகிறார்கள், ஏன் அங்கே

கையைப் பின்தலைக்குக் கொண்டுபோங்கள். நட்டநடுவில் ஓர் எலும்பு மேடு தட்டுப்படும். காதுக்குப் பின்னால் இன்னொரு எலும்பு முண்டு இருக்கிறது. இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்து மூன்று பங்காக்கினால், நடு மேட்டிலிருந்து முதல் பங்கு முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் பெரிய பிடரி நரம்பு தோலுக்கு அடியில் ஏறி வருகிறது. சீட்டில் 'ஜி.ஓ.என். பிளாக்' என்று எழுதினால் இந்த நரம்புதான். இரண்டாம் பங்கு முடிகிற இடத்தில் சின்ன பிடரி நரம்பு. பெரிய நரம்பை ஒட்டி, அதற்கு வெளிப்பக்கமாக ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது; மருத்துவர் விரல் நுனியால் அதன் துடிப்பைத் தேடிப் பார்த்துவிட்டு அதற்கு உள்பக்கமாக ஊசியை இறக்குவார். தலைவலிக்காரர்கள் பலருக்கு அந்த இடத்தை அழுத்தினாலே கண் சுருங்கும்.

"எனக்கு வலிக்கிறது நெற்றிப்பொட்டும் கண்ணுக்குப் பின்னாலயும். நீங்க பின்மண்டையில போடறேங்கறீங்களே டாக்டர்?" என்று கேட்டேன். அவர் தாளில் படம் போட்டுக் காட்டினார். முகத்தின் உணர்வைக் கொண்டுவரும் ட்ரைஜெமினல் நரம்பும், கழுத்தின் மேல் மூன்று நரம்பு வேர்களும் மூளைத்தண்டின் அடியில் ஒரே நரம்புக் கூட்டத்தில் வந்து சேருகின்றன. ஒற்றைத் தலைவலி வரும்போது கழுத்தும் தோளும் சேர்ந்து பிடித்துக்கொள்வது அதனால்தான். பின்பக்கத்திலிருந்து வரும் சேதியை நிறுத்தினால், அந்தச் சந்திப்பில் இருக்கும் மொத்தப் பரபரப்பும் தணிகிறது. மருந்தின் மரமரப்பு சில மணி நேரத்தில் போய்விட்டாலும் தலைவலி சிலருக்கு வாரக்கணக்கில் அடங்கியிருப்பதற்கு இப்படித்தான் விளக்கம் சொல்கிறார்கள்.

முதல் வேலை: வந்திருப்பது எந்தத் தலைவலி?

நம் ஊரில் தலைவலிக்கு முதலில் கிடைக்கும் பெயர் சைனஸ். அடுத்தது கண்ணாடி பவர். எனக்கு இரண்டு பட்டமும் கிடைத்து, ஆறு வருடம் ஆவி பிடித்திருக்கிறேன். எந்தத் தலைவலி என்று உறுதியாகாமல் ஊசிக்கு அவசரப்படாதீர்கள். தலைவலியின் வகையைப் பொறுத்து ஊசியில் சேர்க்கும் மருந்தே மாறுகிறது.

மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் 8 நாளாவது மைக்ரேன் குணத்தோடு, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட ஒற்றைத் தலைவலி. இந்த ஊசிக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் இந்த ரகம். மாத்திரைக்கு அடங்காமல் இரண்டு மூன்று நாளாக இழுத்துக்கொண்டே போகும் தாக்குதலை முறிக்கவும் போடுகிறார்கள்.

கொத்துத் தலைவலி (கிளஸ்டர்) வேறு. ஒரு கண்ணைச் சுற்றித் தாங்க முடியாத வலி, அதே பக்கம் கண்ணில் நீர், மூக்கு ஒழுகல், 15 நிமிடத்திலிருந்து 3 மணி நேரம் வரை. மைக்ரேன்காரர் இருட்டறையில் அசையாமல் படுத்துக்கொள்வார். இவரோ அறைக்குள் நடையாய் நடப்பார். இவர்களுக்குப் பின்மண்டையில் ஸ்டீராய்டு கலந்த ஊசி உண்மையிலேயே நல்ல பலன் தருகிறது. அமெரிக்கத் தலைவலிச் சங்கம் 2016-ல் வெளியிட்ட கொத்துத் தலைவலி வழிகாட்டுதலில் இதற்கு முதல் தரப் பரிந்துரை கொடுத்திருக்கிறது. வெராபமில் போன்ற தடுப்பு மாத்திரை வேலை செய்யத் தொடங்கும் வரை தாக்குப்பிடிக்க இந்த ஊசி பாலமாகிறது.

பிடரி நரம்பு வலி என்றால் பின்மண்டையிலிருந்து உச்சியை நோக்கிச் சுரீர் சுரீரென்று மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்கும். இதில் ஊசியே பரிசோதனையும் கூட. அந்த நரம்பை மரக்கவைத்தால் வலி தற்காலிகமாகவாவது குறைய வேண்டும் என்பது சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டில் உள்ள நிபந்தனைகளில் ஒன்று.

சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்ட பிறகு வரும் தலைவலியையும் சொல்ல வேண்டும். உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் போய்விடும். இதற்கு உறுதியான சிகிச்சை, தாயின் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து முதுகில் அதே இடத்தில் செலுத்துவது. அதற்குப் போகும் முன் சில மயக்க மருத்துவர்கள் பிடரி நரம்பு ஊசியை முயன்று பார்க்கிறார்கள்.

ஊசியைப் பற்றி யோசிக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிய தலைவலிகளும் உண்டு. நொடியில் இடி விழுந்தாற்போல் உச்சத்துக்கு ஏறும் வலி. காய்ச்சலோடு கழுத்து விறைப்பு. கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல். 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தலைவலி, அதிலும் சாப்பாட்டை மெல்லும்போது தாடை வலித்தால். கர்ப்ப காலத்திலோ பிரசவத்துக்குப் பிறகோ புதிதாக வந்த கடுமையான வலி. இவற்றுக்குக் காரணம் தெரியாமல் மரக்க ஊசி போட்டுக்கொள்வது ஆபத்து.

சிரிஞ்சுக்குள் என்ன இருக்கிறது

பெரும்பாலும் லிக்னோகெயின் (வெளிநாட்டில் லிடோகெயின் என்பார்கள், நம் ஊர் வாயில் 'சைலோகெயின்'), அல்லது பூபிவகெயின், அல்லது இரண்டும் கலந்து. லிக்னோகெயின் சில நிமிடத்தில் பிடித்து ஓரிரு மணி நேரத்தில் விட்டுவிடும். பூபிவகெயின் மெதுவாகப் பிடித்து, பல மணி நேரம் நிற்கும். ஒரு பக்கத்துக்கு 1.5 முதல் 3 மி.லி. போதும். லிக்னோகெயின் 1943-ல் ஸ்வீடனில் உருவான பழைய மருந்து, விலையும் குறைவு. பில்லில் பெரிய தொகையைப் பார்த்தால் அது மருந்துக்கு அல்ல. மருத்துவருக்கும் அறைக்கும், ஸ்கேன் பார்த்துப் போட்டால் ஸ்கேனுக்கும். வெளிநோயாளியாகப் போட்டுக்கொண்டு வீடு திரும்புவதால் பல காப்பீடுகளில் இது வராது. முன்பே கேட்டுவிடுங்கள்.

என் மனத்தாங்கல் ஒன்று இங்கே. முதல் தடவை போட்ட இடத்தில், உள்ளே என்ன மருந்து போனது என்று சீட்டில் ஒரு வரி இல்லை. 'நெர்வ் பிளாக் கிவன்', அவ்வளவுதான். ஸ்டீராய்டு கலந்திருந்ததா என்று இன்றுவரை தெரியாது. மூன்று மாதம் கழித்து வேறு மருத்துவரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான், திருதிருவென்று முழித்தேன். ஆகவே மருந்தின் பெயர், எத்தனை சதவீதம், எத்தனை மி.லி., எந்தப் பக்கம், ஸ்டீராய்டு உண்டா என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். கேட்டால் எழுதித் தருவார்கள்.

ஸ்டீராய்டு எல்லோருக்கும் தேவையில்லை. கொத்துத் தலைவலிக்கு அதுதான் முக்கியம். ஒற்றைத் தலைவலியில் மரக்க மருந்தோடு ஸ்டீராய்டைச் சேர்த்துப் போட்டுப் பார்த்த ஆய்வுகளில் கூடுதல் பலன் தெரியவில்லை. "எனக்கு மைக்ரேன்தானே டாக்டர், ஸ்டீராய்டு வேணுமா?" என்று தயங்காமல் கேளுங்கள். அதற்கு விலை உண்டு: சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். ஊசி போட்ட இடத்தில் வட்டமாக முடி கொட்டலாம், தோல் குழி விழலாம். இது உடனே தெரியாமல், வாரங்கள் கழித்துத்தான் வெளியே வரும். ஸ்டீராய்டு கலந்ததை மூன்று மாதத்துக்குள் மறுபடி போடுவதில்லை. வெறும் மரக்க மருந்து என்றால் சில வாரங்களிலேயே மறுபடி போடலாம்.

மருத்துவரிடம் மறைக்கக் கூடாதவை

மண்டை ஓட்டில் அறுவைச் சிகிச்சை நடந்து எலும்பு எடுக்கப்பட்டிருந்தால் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். எலும்பு இல்லாத இடத்தில் ஊசி உள்ளே இறங்கிவிடக் கூடும். இருப்பதிலேயே பெரிய ஆபத்து இதுதான். அடுத்து, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகள். வார்ஃபரின், குளோபிடோக்ரல் என்று எதுவாக இருந்தாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சொல்லுங்கள், அவர் முடிவு செய்யட்டும். பல் மருத்துவரிடம் மரக்க ஊசி போட்டு முன்பு ஏதாவது ஆகியிருந்தால், தலையில் புண்ணோ கட்டியோ இருந்தால், இதயத்துடிப்புக் கோளாறு இருந்தால் அதையும் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தால் லிக்னோகெயின் மட்டும் போடுவதையே பெரும்பாலும் விரும்புகிறார்கள், ஸ்டீராய்டைத் தவிர்ப்பார்கள். எச்.ஐ.வி.க்கு ரிடோனவிர் சேர்ந்த மாத்திரை எடுப்பவர்கள் வெட்கப்பட்டு மறைத்தால், டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு உடம்பில் கரையாமல் தேங்கிப் பெரிய தொல்லை கொடுக்கும்.

அன்று காலை

முந்தைய நாளே தலைக்குக் குளித்துவிடுங்கள். எண்ணெய் வைக்காதீர்கள், எண்ணெய்த் தலையில் ஸ்பிரிட்டும் நிற்காது, பிளாஸ்டரும் ஒட்டாது. முடியை மழிக்க மாட்டார்கள், விலக்கிப் பிடித்துத்தான் போடுவார்கள். நீள முடி என்றால் உச்சிக்கு மேல் தூக்கிக் கட்ட ஒரு ரப்பர் பேண்டு கொண்டுபோங்கள்.

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மயக்க மருந்து கொடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தால் ஒழிய வெறும் வயிறு தேவையில்லை. நான் ஆபரேஷன் என்ற நினைப்பில் காபிகூடக் குடிக்காமல் போனேன். ஊசி முடிந்து எழுந்ததும் கண் இருட்டி, காதில் 'ங்ஙொய்' என்று ஒலி. சிஸ்டர் பிடிக்காவிட்டால் கீழே விழுந்திருப்பேன். "சாப்பிடாம ஏன்க்கா வந்தீங்க?" என்று அந்தப் பெண் கேட்டது நியாயம். துணைக்கு ஒருவர் வேண்டும். வண்டியை வீட்டில் விட்டுவிடுங்கள். தலை சுற்றல் போக, மரத்த மண்டைக்கு மேல் ஹெல்மெட் அழுத்துவதும் தெரியாது.

மேஜைமேல்

முன்கையில் ஒரு துளி மருந்தைத் தோலுக்கடியில் போட்டுக் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். அது 'டெஸ்ட் டோஸ்'. எல்லா இடத்திலும் செய்வதில்லை. பிறகு நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் மேஜையில் தலையணை வைத்து, நெற்றியை அதில் சாய்க்கச் சொல்வார்கள். பள்ளிக்கூட பெஞ்சில் தூங்குவது மாதிரி.

விரல் அழுத்திக்கொண்டே நகரும். ஓரிடத்தில் வலி நெற்றிக்குத் தாவும். "அதே இடம்" என்று சொல்லுங்கள். ஸ்பிரிட்டின் குளிர்ச்சி. ஊசி மெல்லியது, சர்க்கரைக்காரர்கள் போடுகிற ஊசியைவிடக் கொஞ்சம் தடிமன் இருக்கலாம். குத்துவது பெரிய வலி இல்லை. எலும்பில் முனை தட்டும். அங்கிருந்து லேசாகப் பின்னிழுத்து, ரத்தம் வருகிறதா என்று சிரிஞ்சை உறிஞ்சிப் பார்த்த பிறகே மருந்தைத் தள்ளுவார். விசிறி விரித்த மாதிரி இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். அப்போதுதான் எரியும், பத்து இருபது நொடி. கூடவே மண்டைக்குள் 'நறநற' என்று வறண்ட மணலை மிதித்த மாதிரி ஒரு சத்தம் கேட்கும். என்னை யாரும் முன்கூட்டி எச்சரிக்கவில்லை. ஏதோ கிழிந்துவிட்டது என்றே நினைத்தேன். மருந்து தசைக்குள் இடம் பண்ணிக்கொண்டு போகிற சத்தம்தான் அது, காதுக்கு மிக அருகில் நடப்பதால் அத்தனை பெரிதாகக் கேட்கிறது.

இந்த நேரத்தில் வாயில் இரும்புச் சுவை, உதடு மரப்பு, காதில் இரைச்சல், படபடப்பு வந்தால் அடக்கிக்கொண்டிருக்காமல் உடனே சொல்லுங்கள். மருந்து ரத்தத்தில் கலந்திருக்கலாம். அரிது, ஆனால் ஊசியை அந்த நொடியே நிறுத்த வேண்டிய அறிகுறி.

முடிந்ததும் பஞ்சை வைத்து ஐந்து நிமிடம் அழுத்தச் சொல்வார்கள். நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம் இருக்கும், அமுங்கிவிடும். கால் மணி நேரம் கழித்துப் பின்மண்டையைத் தொட்டுப் பாருங்கள். உச்சிவரை வேறு யாருடைய தலையோ போல இருக்க வேண்டும். இதைக் கட்டாயம் பாருங்கள்: தோல் மரக்கவில்லை என்றால் மருந்து நரம்பைச் சேரவில்லை என்று பொருள். அப்படி மரக்காமல் போன ஊசியை வைத்து "இது எனக்கு ஒத்துவராது" என்று முடிவு கட்டாதீர்கள். என் இரண்டாவது ஊசி அப்படிப் போனதுதான்.

பின்மண்டை ஊசியோடு சேர்த்துப் புருவ மேட்டிலும் காதுக்கு முன்னாலும் சின்னச் சின்ன ஊசிகள் போடுவதும் உண்டு. முகத்தில் போடுவதில் ஸ்டீராய்டு கூடாது, குழி விழுந்தால் முகம். மூக்கு வழியாகப் பஞ்சுக்குச்சியில் மருந்து நனைத்து உள்ளே வைப்பது இன்னொரு வகை. 1908-லேயே ஸ்லூடர் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்த முறை. ஊசியே கிடையாது, தொண்டையில் கசப்பு மட்டும் இறங்கும். போடாக்ஸோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு 12 வாரத்துக்கு ஒரு முறை, 31 இடங்களில் போடுவது. செலவும் வேறு கணக்கு.

அன்று இரவு

மரத்த இடத்துக்குச் சூடும் தெரியாது, குத்தலும் தெரியாது. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக் குளிக்காதீர்கள். ஒத்தடப் பையும் ஹேர் டிரையரும் வேண்டாம். நான் அன்று சாயங்காலமே ஒரு வளைகாப்புக்குப் போனேன். மல்லிகைச் சரத்தை வைத்துவிட்டு ஹேர்பின்னை அழுத்திச் செருகினேன். வீட்டுக்கு வந்து பூவைக் கழற்றினால் விரலில் ரத்தம். பின் தோலுக்குள் இறங்கியிருந்தது, மூன்று மணி நேரமாக எனக்குத் தெரியவே இல்லை.

மரப்பு விடும்போது அந்த இடம் இரண்டு மூன்று நாள் கன்றிப்போனது போல வலிக்கும். சிலருக்கு முதல் நாள் தலைவலி கொஞ்சம் கூடவே செய்யும். ஸ்டீராய்டு சேர்ந்திருந்தால் முகம் சிவந்து, தூக்கம் கெடலாம். அதன் பலனும் சில நாள் கழித்தே தெரியும். வீக்கம் வளர்ந்துகொண்டே போனால், சீழ், காய்ச்சல் வந்தால் போட்ட இடத்துக்கே திரும்பப் போங்கள்.

நோட்டு

இந்த ஊசி நோயை வேரோடு பிடுங்காது. கிடைப்பது ஓர் இடைவெளி. சிலருக்கு நாலு நாள், சிலருக்கு எட்டு வாரம், சிலருக்கு ஒன்றுமே இல்லை. அந்த இடைவெளியில் என்ன செய்தீர்கள் என்பதில்தான் விஷயம். குறிப்பாக மாத்திரை. காஃபின் கலந்த கூட்டு மாத்திரையோ, மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மாத்திரையோ மாதத்தில் 10 நாள், வெறும் பாராசிட்டமாலோ ஐபுபுரூஃபனோ 15 நாள் என்று மூன்று மாதத்துக்கு மேல் ஓடினால், மாத்திரையே தலைவலியைத் தக்கவைக்கத் தொடங்கிவிடும். மெடிக்கலில் சீட்டு இல்லாமல் பத்து பத்தாக வாங்கி விழுங்கிய எனக்கு நடந்தது அதுதான். நிறுத்த முயன்றால் மூன்றாம் நாள் வலி தாங்காமல் மறுபடி மெடிக்கலுக்கே போய் நிற்பேன். மூன்றாவது ஊசியின் மரப்பை வைத்துக்கொண்டு அந்த முதல் வாரத்தைத் தாண்டினேன். தடுப்பு மாத்திரையையும் அப்போதே டாக்டர் தொடங்கினார்.

ஊசிக்கு நாலு வாரம் முன்பிருந்தே ஒரு நோட்டில் எழுதுங்கள். செயலி வேண்டாம், மாதக் காலண்டரே போதும். தலைவலி இருந்த நாளுக்கு ஒரு கோடு, 10-க்கு எத்தனை வலி, எத்தனை மாத்திரை. ஊசிக்குப் பிறகும் அதே கணக்கு. "கொஞ்சம் பரவாயில்ல டாக்டர்" என்பதை வைத்து யாராலும் ஒன்றும் முடிவு செய்ய முடியாது. என் நோட்டில் மூன்றாவது ஊசிக்கு முந்தைய மாதம் 17 கோடு, 22 மாத்திரை. அடுத்த மாதம் 9 கோடு, 6 மாத்திரை. தோல் நன்றாக மரத்தும் இரண்டு மூன்று ஊசிகளில் கோடு குறையவில்லை என்றால் நாலாவதுக்குப் போக வேண்டாம். எந்தத் தலைவலி என்ற முதல் கேள்விக்கே திரும்ப வேண்டும்.

நாலாவது ஊசிக்குப் பிந்தைய மாதம், ஐந்தாவதுக்குத் தயாராக எண்ணெய் வைக்காத தலையோடு போய் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் காலண்டரை வாங்கி விரலால் கோடுகளை எண்ணினார். ஐந்து. மாத்திரைக் கட்டத்தில் இரண்டு. "இந்த மாசம் ஊசி வேண்டாம்மா. தடுப்பு மாத்திரையை மட்டும் விடாதீங்க. அடுத்த மாசம் காலண்டரோட வாங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.